நான் சத்தமாக வாசித்த பெயர்

காய்ச்சல் சாயங்காலம் நாலு மணிக்கு வரும். ஆறரைக்குப் போய்விடும். காலையில் ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து காய்கறி மார்க்கெட் வரை நடந்து போய் வருவேன். எழுபத்து நான்கு வயதில் ஒரு காய்ச்சல் மூன்று வாரம் இப்படி வந்து போனால் அதற்கு என்ன அர்த்தம் இருக்கக்கூடும் என்று, பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் அறிவியல் நடத்திய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் போல் இருந்தேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசு என்றேன். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விலாவில் குத்தியது, வாயு என்றேன். வறட்டு இருமல் வந்தது. மலைக் காற்று என்றேன்.

என் மனைவி கிருபைதான் ஒருநாள் நான் சட்டை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "இந்தச் சட்ட போன மாசம் உங்களுக்குப் பிடிப்பா இருந்துச்சு. இப்ப ஆணியில மாட்டுனது மாதிரித் தொங்குது. நாளைக்கு டாக்டர்ட்ட போறோம்" என்றாள். கேள்வியாகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

இராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். காத்திருக்கும் கூடத்தில் எங்கள் டோக்கன் முப்பத்தொன்று. அப்போது உள்ளே போயிருந்தது ஒன்பது. கிருபை டோக்கனை இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அவள் ஜெபிக்கிறாள் என்று தெரிந்தது. நானும் கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் சபையில் 'ஜெபத்துக்கு ஆசீர்வாதம் சார்' என்று பேர் வாங்கியவன் நான். எத்தனையோ கட்டில் ஓரங்களில் நின்று, தடங்கலில்லாமல் கால்மணி நேரம் ஜெபித்திருக்கிறேன். என் சொந்த நெஞ்சு வலிக்கு ஒரு வாக்கியம் கூடவில்லை. கண்ணைத் திறந்து சுவரில் ஒட்டியிருந்த சர்க்கரை நோய் அறிவுரைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரே படத்தில் இடது நுரையீரல் கறுப்பாக, காற்று நிரம்பித் தெரிந்தது. வலப்பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. மருத்துவர் இளம் பெண். பேனாவால் தொட்டுக் காட்டி விளக்கினார். நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப் போக, இடையில் ஒரு கரண்டி அளவு ஈரம் இருக்கும். எனக்கு அந்த இடத்தில் நீர் கோத்து நுரையீரலை அமுக்கிக்கொண்டிருக்கிறது. மூச்சு முட்டுவது அதனால்தான். நீர் ஏன் கோத்தது என்பதற்கு மூன்று காரணம் சொன்னார். நிமோனியா என்கிற நுரையீரல் சளிக் காய்ச்சலாக இருக்கலாம். புற்றுநோயாக இருக்கலாம். காசநோயாக இருக்கலாம். நீரைக் கொஞ்சம் ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் தெரியும்.

அன்றே எடுத்தார்கள். என்னை உட்காரவைத்து, முன்னால் ஒரு மேஜையில் தலையணை வைத்து அதன்மேல் சாய்ந்துகொள்ளச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு பெரிய ஊசி. வந்த நீரைக் கிருபை பார்த்தாள். விளக்கெண்ணெய் நிறம் என்று பிற்பாடு சொன்னாள்.

முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் 'கேன்சர்' என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகன் தினம் இரண்டு தடவை போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டான். கிருபை எனக்குப் பிடித்த சுண்டவத்தல் குழம்பை மூன்று நாளும் வைத்தாள்.

நான்காம் நாள் மருத்துவர் காசநோய் என்றார். ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்றார். உறைக்குள் வரும் இந்த வகை பெரும்பாலும் மற்றவருக்குத் தொற்றாது, பேரப்பிள்ளைகளை ஒதுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். நீர் மறுபடி கோத்திருந்ததால் குழாய் வைத்து வடிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் அதையும் செய்து, மாத்திரையும் இலவசமாகத் தருவார்கள் என்று கடிதம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கிருபை, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேன்சர் இல்லை என்ற நிம்மதி அவளுக்கு. நான் சொன்ன முதல் வார்த்தை, "சபையில ஒருத்தர்ட்டயும் சொல்லிராத. நிமோனியான்னு சொல்லு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அன்னம்மா மக ஞாபகம் வந்துச்சு எனக்கு" என்றாள். எனக்கும் அதே ஞாபகம்தான்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணைச் சுகந்தி என்று எழுதுகிறேன். அது அவள் பெயரன்று. அவளுடைய தாயின் பெயர் அன்னம்மாள். அது உண்மைப் பெயர்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன் நான் எங்கள் சபையின் செயலாளர். அன்னம்மாள் நூல் மில்லில் வேலை பார்த்தவள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று, வருகிற ஞாயிறு முதல் ஓலை என்றாள். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பீடத்திலிருந்து அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்கிறோம். பிறகு குரலைத் தணித்து, மகளுக்குக் காசநோய் வந்து ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள், இன்னும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும், டாக்டர் தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார் என்றாள். "மாப்பிள்ள வீட்டுக்கு நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன் சார். நீங்க உங்க ஜெபத்துல மட்டும் வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் முதல் ஓலையை வாசித்தார். வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் சாத்தூரிலிருந்து எட்டுப்பேர் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து அன்னம்மாள் வீட்டில் சாப்பாடு. ஓலைக்குப் பிறகு செயலாளர் எழுந்து ஜெபக் குறிப்புகளை வாசிக்க வேண்டும். யார் யார் சுகவீனமாக இருக்கிறார்கள், யாருக்கு வேலை வேண்டும் என்று பெயர் சொல்லி வாசித்து, சபையார் ஜெபிப்பார்கள். நான் எழுந்து வாசித்தேன். ஐந்தாவதாக, காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு வரும் சகோதரி சுகந்தி பூரண சுகம் பெற வேண்டும் என்று வாசித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் கடைசி ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். அன்னம்மாள் வீட்டில் சமைத்த ஆட்டுக்கறி அண்டாவோடு அப்படியே இருந்ததாகக் கேள்விப்பட்டேன். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. போதகர் என்னைக் கேட்டார். எழுதிவைத்ததைப் பார்த்து வாய் தவறி வாசித்துவிட்டேன் ஐயா என்றேன். நல்ல மனிதர், நம்பினார். சபையும் நம்பியது. சிலர், ரகசியத்தை எதற்குச் செயலாளரிடம் போய்ச் சொன்னாள் என்று அன்னம்மாளைத்தான் பேசினார்கள். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்தியது.

கிருபைக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். நானும் கிட்டத்தட்ட இதையே எனக்குச் சொல்லிச் சொல்லி நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனையில் என்னை ஆண்கள் நெஞ்சு நோய் வார்டில் சேர்த்தார்கள். பதினொரு கட்டில். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரமும், அதற்கு அப்பால் மதுரை பஸ்கள் போகும் சத்தமும். முதல் நாளே விலாவெலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போகச் செய்து, விரல் பருமன் குழாய் ஒன்றை உள்ளே விட்டார்கள். மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வைத்த பாட்டிலுக்குள் போகும். உள்ளிருக்கும் நீர் வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. நான் மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்கும். முதல் நாள் ஒன்றரை லிட்டர் வடிந்தது. அன்று மத்தியானம், மூன்று வாரத்துக்குப் பிறகு, ஒரு மூச்சை முழுதாக இழுத்தேன். காற்று இவ்வளவு ருசியானது என்பதை எழுபத்து நான்கு வருஷமாக நான் கவனித்ததே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் தளவாய்புரத்துக்காரர் ஒருவர். பெயர் இராமசாமி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடி அவர் நுரையீரலைத் தின்றிருந்தது. என் கையில் சிறிய பைபிளைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, உங்க சாமி காலையில எத்தன மணிக்கு எந்திரிக்கும்?" என்று கேட்டார். எந்நேரமும் விழித்திருப்பார் என்றேன். "அப்ப சென்ட்ரி டூட்டி பாத்த சாமி. எங்க ஆளு மாதிரி" என்றார்.

அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிய ஒரு பயிற்சி உண்டு. கண்ணாடி போன்ற மூன்று குழல்களில் மூன்று பந்துகள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். முதல் நாள் எனக்கு ஒரு பந்து அசைந்தது, அவ்வளவுதான். விலா வலித்தது. கருவியைத் தூரப் போட்டேன். இராமசாமி அதை எடுத்து என் மடியில் வைத்து, பரேடு நடத்துகிற குரலில் எண்ண ஆரம்பித்தார். "இழு, இழு, நிறுத்தாத. ஒண்ணு... ரெண்டு... ஏலே வாத்தியாரே, பந்து உன்னையப் பாத்துச் சிரிக்கிது பாரு, இழு." வார்டே சிரித்தது. தினமும் ஐந்து வேளை எண்ணினார். அவருக்கே மூச்சு முட்டும். எண்ணுவதற்கு நடுவில் நிறுத்தி ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொள்வார். ஆறாம் நாள் மூன்று பந்தும் ஏறின. அன்று அவர், "உங்க சாமிட்ட எனக்கும் ஒரு வார்த்த போட்டு வைங்க. ஆண்டாளம்மாட்ட நான் உங்களுக்குச் சொல்லிட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு ஜெபம் வந்தது. ஆண்டவரே, இந்த மனிதருக்கு மூச்சுக் கொடும் என்று இரண்டு தடவை சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல ஜெபங்களில் அது ஒன்று என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் சொல்லவந்தது மாத்திரை கொடுக்க வந்த பெண்ணைப் பற்றி.

சேர்ந்த மறுநாள் காலை ஏழரை மணிக்கு, முகக்கவசம் போட்ட ஒரு பெண் கையில் பதிவேட்டோடு என் கட்டிலுக்கு வந்தாள். காசநோய்ப் பிரிவுப் பணியாளர். ஐம்பது வயது இருக்கும். திரையை இழுத்து மூடிவிட்டு, என் எடையைப் பார்த்து, நாலு மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்தாள். வெறும் வயிற்றில், நாலையும் சேர்த்து, அவள் கண்முன் விழுங்க வேண்டும். ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். விழுங்கினேன். "இனி ஒண்ணுக்குச் செவப்பாப் போகும். ரத்தமோன்னு பயந்துராதீங்க. மாத்திரையோட நிறம்தான். சாப்பாடு பிடிக்காமப் போனாலோ கண்ணு மஞ்சளானாலோ ஒடனே சொல்லணும்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நோய் பேர இங்க சத்தமாச் சொல்ல மாட்டோம் சார். பக்கத்துக் கட்டிலுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். நீங்களா விரும்புனா யார்ட்ட வேணாலும் சொல்லிக்கோங்க" என்றாள்.

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பெயரைப் பார்த்தேன். நான் சுகந்தி என்று எழுதுகிறவள்.

அவள் என் பெயரை அட்மிஷன் சீட்டிலேயே பார்த்திருப்பாள். அவள் கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. திரையை விலக்கிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள். எனக்குக் குழாய் போட்ட வலி மறந்துபோயிற்று. பயம் மட்டும் இருந்தது. என் நோய் என்னவென்று இந்த ஊரில் எழுத்துப்பூர்வமாகக் கையில் வைத்திருப்பவள் அவள். இராஜபாளையத்துக்கு ஒரு போன் போதும். மாலைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். அப்படி அவள் செய்தால் கேட்க எனக்கு வாய் கிடையாது.

ஐந்து நாள் அவள் ஏழரைக்கு வந்தாள், திரையை இழுத்தாள், மாத்திரை கொடுத்தாள், வாயைத் திறந்து காட்டச் சொன்னாள், போனாள். குமட்டுகிறது என்றபோது வாழைப்பழம் ஒன்று எடுத்து வந்து, அரைமணி கழித்துச் சாப்பிடச் சொன்னாள். கிருபை அவளை அடையாளம் கண்டு, தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இதை எனக்குக் கிருபை சொல்லவில்லை. இராமசாமி சொன்னார்.

சனிக்கிழமை காலை, அவள் என் கட்டிலருகே மாத்திரை அட்டையோடு நிற்கும்போதே, எங்கள் சபையிலிருந்து ஐந்து பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கையில் ரொட்டி, ஆப்பிள், சத்துமாவு டப்பா. முன்னால் வந்தவன் செல்லத்துரை. என்னிடம் படித்தவன், இப்போது சபைச் செயலாளர். நலம் விசாரித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

"நிமோனியான்னு கிருபையம்மா சொன்னாவ. நிமோனியாவுக்கு எதுக்கு சார் குழாய்? என்னன்னு தெளிவாச் சொல்லுங்க, நாளைக்குக் குறிப்புல வாசிச்சுருதேன். குறிப்பாக் கேட்டாத்தான் குறிப்பாக் கெடைக்கும்னு நீங்கதான எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க."

சுகந்தி மாத்திரை அட்டையை உள்ளங்கைக்குள் மூடினாள். கட்டில் கால்மாட்டில் தொங்கிய சீட்டை, ஏதோ சரிசெய்வது போலத் திருப்பி வைத்தாள். "நெஞ்சுல நீர் கோத்திருந்துச்சு. எடுத்தாச்சு. சார் நல்லாருக்காவ. இதுக்கு மேல விவரம் நாங்க சொல்லக் கூடாது. நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் நிக்கேன்" என்றாள்.

அவர்கள் அவளை அடையாளம் காணவில்லை. சுற்றி நின்று ஜெபித்தார்கள். நான் பாதியில் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவளும் தலையைக் குனிந்து நின்றாள். மூடிய கை நெஞ்சருகே இருந்தது.

அவர்கள் போனதும் அவள் திரையை இழுத்து, மூடிய கையைத் திறந்து மாத்திரைகளை நீட்டினாள். வியர்வையில் அட்டை நனைந்திருந்தது. நான் வாங்கவில்லை.

"அம்மா சுகந்தி, அன்னைக்கு நான் வாய் தவறி வாசிக்கல. தெரிஞ்சேதான் வாசிச்சேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வருஷம் சபைத் தேர்தலில் அவளுடைய அப்பா எனக்கு எதிராக நின்றவர்களோடு சேர்ந்துகொண்டு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். நான் ஜெயித்தும் அந்தக் கோபம் எனக்குள் தீரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துக் கல்யாணம் நடப்பது பாவம், உண்மையைச் சொல்வது என் கடமை என்று ஓலைக்கு முந்தின சனிக்கிழமை முழுக்க எனக்கு நானே நியாயம் சொன்னேன். அன்னம்மாள் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருந்ததை வேண்டுமென்றே மறந்தேன். குறிப்பு எழுதிய தாளில் முதலில் நாலு பெயர்தான். ஐந்தாவது பெயரை ஆராதனைக்குப் புறப்படும்போது என் கையால் எழுதினேன். இதைப் போதகரிடம் சொல்லவில்லை. கிருபையிடம் சொல்லவில்லை. கடவுளிடம்கூட, தவறு நடந்துவிட்டது என்றுதான் சொல்லி வந்தேன். தவறு செய்தேன் என்று சொன்னதில்லை.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"தெரியும் சார்" என்றாள். "நான் பாட்டுக்காரங்க வரிசையில உங்களுக்கு நேரா உக்காந்திருந்தேன். மொதல்ல மூணாவது வரிசையப் பாத்தீங்க. பொறவு என்னையப் பாத்தீங்க. பொறவுதான் வாசிச்சீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"கல்யாணம் நின்னது எனக்குப் பெரிசில்ல. அஞ்சு வருசம் கழிச்சு நல்ல மனுசன் கெடச்சாரு. கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பஸ் ஓட்டுதாரு. கத்தோலிக்கரு. மாத்திர சாப்பிட்டேன்னு மொத நாளே சொன்னேன், 'இப்ப நல்லாருக்கேல்ல'ன்னு கேட்டதோட சரி. எனக்கு ஒரு கொறையும் இல்ல." நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மாதான் சார். 'நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல, போய்ச் சொல்லி எம்புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டேனே'ன்னு சாகுற வரைக்கும் சொல்லிச்சு. எம்புட்டோ சொல்லிப் பாத்தோம், கேக்கல. அதுக்குப் பொறவு எதுக்கும் யார்ட்டயும் ஜெபம் பண்ணச் சொன்னதே இல்ல. வயித்துல கட்டி எடுக்க ஆப்ரேசனுக்குப் போறப்பக்கூடச் சொல்லல. அது இருந்தப்ப நீங்க ஒருநா வந்து, அது நான் செஞ்சது, ஒம்மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நிம்மதியாப் போயிருக்கும்."

அன்னம்மாள் இறந்து எட்டு வருஷம். இராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தாள். அந்த அடக்க ஆராதனைக்கு நான் போகவில்லை. முதுகு வலி என்று சொன்னேன்.

"மாத்திரையப் போடுங்க சார், நேரமாச்சு" என்றாள் சுகந்தி. போட்டேன். வாயைத் திறந்து காட்டினேன். பதிவேட்டில் குறித்துக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இராமசாமி கட்டிலில் உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார். அந்த வார்டில் என் படுக்கையைச் சுத்தம் செய்தவர்கள், சிறுநீர்ப் பாத்திரம் எடுத்தவர்கள், குளிர்கிறது என்றதும் கேட்காமல் இன்னொரு போர்வை கொண்டுவந்து போட்ட நர்ஸ், பத்து நாளும் நாற்காலியில் தூங்கிய கிருபை, இவர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவன். பிரசங்கங்களில் கேட்டும் சொல்லியும் எனக்குள் இறங்காத கிருபை என்ற சொல், அந்தப் பத்து நாளில் என் மனைவியின் பெயராக இருந்ததையும் தாண்டி எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்த அன்றே கிருபையிடம் முழுக்கச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு மட்டும் வைத்தாள். மூன்றாம் நாள், "சபையில சொல்லணும்" என்றாள். எனக்கும் அது தெரியும். எங்கள் சபையில் சுகம் பெற்றவர்கள் ஸ்தோத்திர ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார்கள். ஆனால் சுகந்தியைக் கேட்காமல் மறுபடி அவளைப் பற்றி வாய் திறக்க எனக்கு உரிமையில்லை. முதல் மாத மாத்திரை வாங்கப் போனபோது கேட்டேன்.

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "என் பேரு வேண்டாம். தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிட்டுப் போகுது. எங்கம்மா பேரச் சொல்லுங்க. அதுமேல தப்பில்லன்னு பேரச் சொல்லிச் சொல்லுங்க. எங்க எழுதுனாலும் அத எழுதுங்க."

ஸ்தோத்திர ஆராதனை அன்று எழுந்து நின்றேன். எனக்கு வந்தது காசநோய் என்று முதலில் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அன்னம்மாள் என்ற பெயரைச் சொன்னேன். நம்பி என்னிடம் சொன்னாள், ஜெபிக்கச் சொன்னாள், வாசிக்கச் சொல்லவில்லை, நான் கோபத்தில் தெரிந்தே வாசித்தேன், போதகரிடம் பொய் சொன்னேன், அவள்மேல் எந்தத் தவறும் இல்லை என்றேன். கிருபை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

வெளியே வந்தபோது சிலர் கை கொடுத்தார்கள். சிலர் கண்ணைத் தவிர்த்தார்கள். பழைய குப்பையை எதற்குக் கிளற வேண்டும் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அன்னம்மாளோடு மில்லில் வேலை பார்த்த ஒரு கிழவி என் எதிரே வந்து நின்று, "'ஜெபிக்கத்தான் சொன்னேன், வாசிக்கச் சொல்லல'ன்னு அவ சொல்லச் சொல்ல நான் நம்பலயே பாவி" என்று அழுதாள். என்னைத் திட்டினாளா தன்னைத் திட்டினாளா என்று தெரியவில்லை. செல்லத்துரை நோட்டில் ஒன்றும் எழுதாமல் நின்றான். அடுத்த வாரத்திலிருந்து நோய்ப் பெயர்களைக் குறிப்பில் வாசிப்பதில்லை. ஜெபம் கேட்டவர் சம்மதித்தால் மட்டும் அவர் பெயர்.

இரண்டாவது மாத மாத்திரைக்குப் போனேன். எடை மூன்று கிலோ கூடியிருந்தது. சுகந்தி குறித்துக்கொண்டே, "சொன்னீங்களாமே. அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆறு பேரு போன் பண்ணிட்டாவ" என்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது. பிறகு, "வீட்டுல எங்கம்மா படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அவள் எனக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பதிவேட்டை மூடி வைத்தாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். ஜெபத்துல வச்சுக்கிடுவீங்களா?"

மறுபடி உட்கார்ந்தேன். சொன்னாள். ஐந்து நிமிஷம் பிடித்தது. நான் நோட்டு எடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, வெளியே காத்திருந்த கிருபை, என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டாள். மாத்திரை வாங்கினேன் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது நாலு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு மாதம் மாத்திரை இருக்கிறது. தினமும் ஏழரைக்கு நாலையும் விழுங்கிவிட்டு, அவள் சொன்ன அந்தக் காரியத்துக்காக ஜெபிக்கிறேன். வாயசைக்காமல் ஜெபிக்கிறேன். அது என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன்.